முதல் வகுப்பு எங்கே போனது?

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் புறப்படும் காலை வண்டியில் ஜன்னலோர இடம் வேண்டுமானால் மாரிக்குப்பத்திலேயே ஏற வேண்டும். அடுத்த நிலையமான சாம்பியனில் ஏறுபவருக்கு நடைபாதை ஓர இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். உரிகம், கோரமண்டல் தாண்டும்போது மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணா’ என்று இடம் கேட்பார். பங்காரப்பேட்டையில் வண்டி கிளை இருப்புப் பாதையை விட்டுப் பெரிய பாதைக்கு வரும். பெட்டிக்குள் அன்றைய கணக்கு அங்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏறுபவர்கள் நிற்பார்கள். மாலூரில் ஏறுபவர்கள் கதவருகே நிற்பார்கள். ஒயிட்ஃபீல்டில் ஏற நினைப்பவர்கள் முதலில் இறங்குபவர்களின் கருணையை நம்பியிருக்க வேண்டும்.

ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தூரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். மாலையில் அதே கூட்டம், அதே தூரம், எதிர்த் திசையில்.

இந்த வண்டிகளில் பெரும்பான்மைக் குரல் தமிழ்தான். கோலார் தங்கவயலுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலும் தலித்துகள். ‘ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்’ நிறுவனம் தோண்டிய சுரங்கங்களில் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தபோது பெங்களூர் இருட்டில்தான் இருந்தது. அந்த நகரத்துக்கு மின்விளக்கு 1905இல்தான் எட்டியது. பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024இல் திரைக்கு வந்தபோது பல தமிழர்களுக்கு இந்தப் பூர்வ கதை புதிதாக இருந்தது. அதன் பிற்பகுதி திரையில் வரவில்லை. அது ரயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை எங்கே இருந்ததோ அங்கே போவதற்கு இருந்த ஒரே மலிவான வழி இந்த பாசஞ்சர் வண்டி. தகப்பன்மார் கூண்டில் ஏறிப் பூமிக்கடியில் இறங்கினார்கள். பிள்ளைகள் சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு ஏறுகிறார்கள்: கடைகளுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு, காவலாளி வேலைக்கு, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும்கூட.

இன்று இந்தத் தடத்தில் ஓடுபவை மெமு வண்டிகள். இவற்றில் முதல் வகுப்பு கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கை, ஒரே மாதிரி கைப்பிடி, ஒரே மாதிரி நெரிசல். சமத்துவம் என்று சொல்லிப் பெருமைப்படலாம். பெங்களூரில் அப்படிச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மெமு வண்டியில் போகிறவர்கள் அல்ல.

முதல் வகுப்பு என்பது என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நீண்ட தூர வண்டியில் அதன் பொருள் தெளிவு. படுக்கை, கதவு, தனிமை. தினசரி வண்டியில் அப்படி எதுவும் இல்லை. மும்பை, சென்னைப் புறநகர் வண்டிகளின் முதல் வகுப்புப் பெட்டியில் இருக்கை சற்று மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். அதே மின்விசிறி, அதே கம்பி ஜன்னல், அதே நேரத்தில்தான் போய்ச் சேரும். இருந்தும் ரயில்வேயின் கணக்கில் முதல் வகுப்பு சீசன் டிக்கெட்டின் விலை இரண்டாம் வகுப்பைப்போல நான்கு மடங்கு. அந்தக் கூடுதல் பணம் மெத்தைக்காகக் கொடுக்கப்படுவதில்லை. பக்கத்தில் இன்னொருவர் நிற்காமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. கட்டணம் ஒரு சல்லடை. கண்ணி சிறிதாக இருந்தால் உள்ளே இடம் இருக்கும். கண்ணி பெரிதானால் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பெயரில் மட்டுமே வித்தியாசம்.

மும்பையில் இது பரிசோதித்தே பார்க்கப்பட்டது. 2022 மே மாதம் அங்கே புறநகர் முதல் வகுப்புக் கட்டணம் பாதியாகக் குறைந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 50 ரூபாயிலிருந்து 25 ஆனது. குளிர்சாதன வண்டிகளில் 65 ரூபாய் 30 ஆனது. அதுவரை காலியாக ஓடுவதாகக் கேலி செய்யப்பட்ட குளிர்சாதன வண்டிகளில் சீக்கிரமே நிற்கவும் இடமில்லை என்ற புகார் கிளம்பியது. மும்பை ரயில்வே அதிகாரிகளிடம் ஒரு கலைச்சொல் உண்டு. ‘அதி அடர்த்தி நசுக்கு பாரம்’ என்று தமிழில் சொல்லலாம். ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர். அந்த அளவு வந்தபின் டிக்கெட்டில் என்ன வகுப்பு அச்சாகியிருக்கிறது என்பது பரிசோதகருக்கு மட்டுமே தெரிய வேண்டிய விஷயம். பரிசோதகரும் அந்தப் பெட்டிக்குள் நுழைய முடியாது. (நுழைந்தால் வித்தியாசக் கட்டணத்தோடு குறைந்தபட்சம் 250 ரூபாய் வசூலிக்க அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.)

பாரிஸ் மெட்ரோவில் முதல் வகுப்பு 1991வரை இருந்தது. அதன் கடைசிப் பத்தாண்டுகள் சுவாரசியமானவை. 1982 முதல் அது காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரை மட்டுமே செல்லுபடி ஆனது. அதாவது அலுவலகக் கூட்டம் நெரிக்கும் நேரத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். கூட்டமே இல்லாத பகலில் மட்டும் அதற்குத் தனிக் கட்டணம். இப்படி ஒரு ஏற்பாடு நீடிக்க முடியாது, நீடிக்கவும் இல்லை. பிரிட்டனில் இன்றும் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனால், முதல் வகுப்புப் பெட்டியை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக வண்டி ஊழியர்கள் அறிவிக்க முடியும். நெரிசலின் முன் வகுப்பு பின்வாங்குவது புதிய செய்தி அல்ல.

இந்தியாவில் வகுப்புகள் பின்வாங்கும்போது பெயர் மாற்றிக்கொண்டு பின்வாங்கும். 1955இல் பழைய முதல் வகுப்பு ஒழிக்கப்பட்டது. உடனே இரண்டாம் வகுப்புக்கு முதல் வகுப்பு என்று பெயர் வந்தது. ‘இன்டர்’ வகுப்பு இரண்டாம் வகுப்பானது. 1974இல் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது. அந்தப் பெட்டிகளின் பலகையில் மூன்று இருந்த இடத்தில் இரண்டு எழுதப்பட்டது. பலகையை எழுதியவருக்கு இருந்த வேலை உள்ளே இருந்தவருக்குத் தெரியவில்லை. உருப்படியான மாற்றம் என்று சொன்னால் மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்த 1977–79 காலத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல் வகுப்பைக் கீழே இறக்குவதல்ல, இரண்டாம் வகுப்பை மேலே ஏற்றுவதே தன் நோக்கம் என்பது அவர் வாதம். மரப்பலகையாக இருந்த இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு நுரை மெத்தை வந்தது அப்போதுதான். வகுப்பு பேதமற்ற வண்டி என்ற அறிவிப்போடு கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே ஓடியதும் அவர் காலத்தில்தான்.

இந்த விவகாரத்தில் இன்னும் பழைய சாட்சி ஒருவர் உண்டு. 1917 செப்டம்பர் 12 அன்று மகாத்மா காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் ஏறினார். டிக்கெட் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருந்தது. இன்று கர்நாடகத்தில் இருக்கும் ராய்ச்சூரைத் தாண்டியபின் நெரிசல் தாங்க முடியாமல் போனது. அந்த அனுபவத்தை அவர் ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். பிறகு அது சிறு நூலாகவும் வந்தது. காந்தியின் கேள்வி ஒரு கணக்குப்பிள்ளையின் கேள்வி. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல ஐந்து மடங்கு சொச்சம். அப்படியானால் மூன்றாம் வகுப்புக்காரருக்கு முதல் வகுப்பின் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டாமா? பத்தில் ஒரு பங்கு கிடைக்கிறதா?

அதே கடிதத்தில் அவர் சொன்ன பரிகாரம்தான் பெங்களூருக்குப் பொருந்துவது. வைஸ்ராய், மகாராஜாக்கள், சட்டசபைப் பெரியவர்கள் முதலானோர் முன்னறிவிப்பில்லாமல் அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து பார்க்கட்டும் என்றார். ஒரே வண்டியில் ஒரு பக்கம் மெத்தையும் மறுபக்கம் நெரிசலும் இருப்பது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே பிளாட்பாரத்தில் நின்றார்கள். வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் இருவருக்கும் தாமதம். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, யாருக்கு எழுத வேண்டும் என்று தெரிந்து எழுதக்கூடிய ஒருவர் அதே வண்டியில் இருந்தார். அவர் தனக்காகத்தான் எழுதினார். இருந்தாலும் வண்டி எல்லோருக்கும் சேர்த்து நேரத்துக்கு வந்தது.

பெங்களூரில் அந்த ஆள் வண்டியை விட்டு இறங்கிவிட்டார்.

அவர் இறங்கியது ஒரே நாளில் அல்ல. 1994இல் சென்னை–மைசூர் சதாப்தி வந்தது. 1990-களுக்குப் பிறகு குளிர்சாதனம் இல்லாத பழைய முதல் வகுப்புப் பெட்டிகள் நாடெங்கும் படிப்படியாக மறைந்தன. நகரத்துக்குள் வேலைக்குப் போகிறவர் முதலில் ஸ்கூட்டருக்கும் பிறகு காருக்கும் மாறினார். 2011 அக்டோபர் 20 அன்று ‘நம்ம மெட்ரோ’வின் முதல் பகுதி பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடுவரை ஓடியது. 2022 நவம்பர் 11 அன்று தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் வண்டி பெங்களூர் நிலையத்தில் கொடியசைத்து அனுப்பப்பட்டது. 2023இல் மெட்ரோ ஒயிட்ஃபீல்டுவரை நீண்டது. ஆக, முதல் வகுப்பு ஒழியவில்லை. அது ஒரு பெட்டியாக இருந்தது, இப்போது தனி வண்டியாக, தனிப் பாதையாக ஓடுகிறது.

மெட்ரோவில் வகுப்புகள் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பெண்களுக்கென ஒதுக்கியதைத் தவிர அங்கே பெட்டி பேதம் கிடையாது. வகுப்பு வாசலிலேயே முடிவாகிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் உயர்ந்தபோது அதிகபட்சம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. நகரமே கொதித்தது. பயணிகள் எண்ணிக்கையும் இறங்கியது. ஒயிட்ஃபீல்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடுகோடி மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஒரு பக்கம் மெமு. நகர ரயில் நிலையம்வரை 10 ரூபாய். நெரிசல். அடுத்த வண்டிக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். மறுபக்கம் மெட்ரோ. பல மடங்கு கட்டணம். குளிர்சாதனம். சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி. மாரிக்குப்பத்தில் ஏறியவர் இங்கே இறங்கி மெட்ரோவுக்கு மாறலாம். மாதம் 25 நாள், போக வர என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு அவர்களில் பலர் மெமுவிலேயே நின்றுகொண்டு போகிறார்கள். சில நூறு ரூபாயில் மாதம் முழுவதும் பயணம் செய்ய விடுகிற சீசன் டிக்கெட்டோடு எந்த மெட்ரோவும் போட்டியிட முடியாது.

அந்த 10 ரூபாயும் சும்மா கிடைத்ததல்ல. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகள் ‘ஸ்பெஷல்’ என்ற பெயரில் திரும்பி வந்தபோது குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாகிவிட்டது. வண்டி அதேதான், வேகமும் அதேதான், நின்ற நிலையங்களும் அதேதான். பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ் ஜாதி. 2024 தொடக்கத்தில்தான் பழைய கட்டணம் திரும்பியது. மெட்ரோ கட்டண உயர்வு நாள் கணக்கில் தலைப்புச் செய்தியாக இருந்தது. இந்த மூன்று மடங்கு உயர்வு மூன்று ஆண்டுக்கு மேல் நீடித்தும் அப்படி ஒரு கொதிப்பு எழவில்லை. இறங்கிப்போன ஆளின் அருமை இங்கேதான் தெரிகிறது.

ரயில்வேயின் தரப்பையும் கேட்க வேண்டும். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் பயணிகளிடமிருந்து வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். நின்றுகொண்டு பயணம் செய்பவரின் கையில் அவர் மானியம் பெறுகிறார் என்ற நினைவூட்டல். சாதாரண பாசஞ்சர் வண்டியில் நஷ்டம் இன்னும் அதிகமாகத்தான் இருக்கும். ஒற்றைப்படையில் எண்ணக்கூடிய பாதைகளில் சரக்கு வண்டியும் வந்தே பாரத்தும் போக வேண்டும். பிந்தி வருவது மெமு. அது லூப் பாதையில் ஒதுங்கி நிற்கும். நிற்கும் வண்டியில் நிற்பவர்கள் கண்ணாடி ஜன்னல்கள் கடந்து போவதைப் பார்க்கலாம்.

இந்த நஷ்டத்துக்குப் பதிலாகச் சிலர் ஒரு யோசனை சொல்கிறார்கள். மெமு வண்டிகளில் முதல் வகுப்பு அல்லது குளிர்சாதனப் பெட்டி ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒயிட்ஃபீல்டு சாலை நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் பொறியாளர் ரயிலுக்குத் திரும்புவார். அவர் கொடுக்கும் கட்டணம் மற்றவர்களின் நஷ்டத்தை ஈடுகட்டும். அவர் வந்தால் வண்டியும் நேரத்துக்கு வரும். யோசனை மோசமில்லை. குறிப்பாகக் கடைசிக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வரிசை முக்கியம். இருக்கிற பெட்டிகளில் ஒன்றை எடுத்து முதல் வகுப்பாக்கினால் அதில் நின்றிருந்தவர்கள் அடுத்த பெட்டியில் போய் நிற்பார்கள். கூடுதல் பெட்டி சேர்த்து அதை முதல் வகுப்பாக்கினாலும், அந்தக் கூடுதல் பெட்டி ஏன் இதுவரை மற்றவர்களுக்காகச் சேர்க்கப்படவில்லை என்ற கேள்வி வரும். சென்னையில் 2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் முதல் குளிர்சாதன மின்வண்டி ஓடத் தொடங்கியது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய். வெயில் காலத்தில் அது வரம்தான், ஏறியவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். ஏற முடியாதவர்களுக்கு அது கண்முன்னே கடந்து போகும் இன்னொரு வண்டி. பாதையில் அந்த ஐந்து பத்து நிமிட இடத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

பெட்டிகளையும் வண்டிகளையும் கூட்டுவது முதல் வேலை. கதவு இரண்டாவது. மும்பை அருகே மும்ப்ராவில் 2025 ஜூன் 9 அன்று, எதிரெதிரே கடந்த இரண்டு வண்டிகளின் கதவுகளில் தொங்கியவர்கள் விழுந்து உயிர் போன பிறகுதான் சாதாரண வண்டிகளுக்கும் தானியங்கிக் கதவு என்ற அறிவிப்பு வந்தது. மெத்தையும் குளிர்சாதனமும் இவற்றுக்கு அப்புறம்.

பெங்களூர் இவற்றையெல்லாம் முதலிலிருந்து திட்டமிட வாய்ப்புள்ள நகரம். பெங்களூர் புறநகர் ரயில் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2020 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. 148 கிலோமீட்டர், 15,767 கோடி ரூபாய். நான்கு தடங்கள், நான்குக்கும் பூப் பெயர்கள்: சம்பிகே, மல்லிகே, பாரிஜாதம், கனகா. 2022 ஜூன் 20 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டியபோது 40 மாதத்தில் முடிப்பதாகப் பேச்சு. அந்த 40 மாதம் 2025 அக்டோபரில் முடிந்தது. ஒரு தடத்திலும் வண்டி ஓடவில்லை. பெங்களூருக்கு முதல் ரயில் பாதை ஜோலார்பேட்டையிலிருந்து வந்தது, 1864 ஆகஸ்டில். 160 ஆண்டுக்கு மேலாகியும் நகரத்துக்கென்று ஒரு புறநகர் வண்டி இல்லை என்பதை மும்பைக்காரரும் சென்னைக்காரரும் நம்ப மறுப்பார்கள்.

புதிய வண்டிகள் குளிர்சாதன வசதியோடு வரும் என்கிறது திட்டம். கட்டணம் மெட்ரோவின் பக்கம் சாயுமா, மெமுவின் பக்கம் சாயுமா என்பதில்தான் அது யாருடைய வண்டி என்பது தெரியும். மெட்ரோ பக்கம் சாய்ந்தால் பெங்களூருக்கு இரண்டாவது மெட்ரோ கிடைக்கும். மெமு பக்கம் சாய்ந்தால் பொறியாளரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் ஒரே பெட்டியில் நிற்பார்கள். அப்போது புகார் எழுதுவதற்கு ஆள் இருக்கும்.

தங்கவயல்காரர்களைப் பொறுத்தவரை இந்த விவாதம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற நான்கு தடங்களில் அவர்கள் வழியில் வருவது பாரிஜாதம். கெங்கேரியில் தொடங்கும் அது ஒயிட்ஃபீல்டில் முடிந்துவிடும். அதற்கப்பால் தேவன்கொந்தி, மாலூர், டேக்கல், பங்காரப்பேட்டை, பிறகு கிளைப் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் – அங்கெல்லாம் ஓடப்போவது மெமுதான்.